மானமும் நற்செய்தியும்: ஆக்ரா விவாதத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

1854ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 ஆகிய இரு நாட்களில் ஆக்ரா நகரத்து மிஷன் பள்ளிக்கூட அறை ஒன்றில் ஒரு சமய விவாதம் நடந்தது. ஒருபுறம் ஜெர்மானியரான கார்ல் காட்லீப் ஃபாண்டர். அவருக்குத் துணையாக இளம் ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் வால்பி ஃபிரெஞ்ச். மறுபுறம் கைரானாவைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ். அவருக்குத் துணையாக மருத்துவர் முகம்மது வசீர் கான். பார்வையாளர்களாக நகரத்து உலமாக்கள், மாணவர்கள், கம்பெனி அதிகாரிகள் சிலர். முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூட்டம் பெருகியது. ஐந்து பொருள்கள் குறித்து விவாதிப்பதாக ஒப்பந்தம். இரண்டே பொருள்களோடு, அதுவும் இரண்டாவது பொருளின் நடுவிலேயே, விவாதம் முறிந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதியவர்கள் பெரும்பாலும் இரு சமயங்களின் தர்க்க மோதலாகவே அதனைப் பார்த்திருக்கின்றனர். விவிலியப் பிரதி மாற்றமுற்றதா, முந்தைய வேதம் பிந்தைய வேதத்தால் நீக்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகள் முக்கியமானவையே. எனினும் அந்த அறையில் கூடியிருந்தோரில் பலருக்கு எபிரேய மொழியோ கிரேக்க மொழியோ தெரியாது. அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? யார் வாயடைத்துப் போகிறார், யார் தலைநிமிர்ந்து வெளியேறுகிறார் என்பதைப் பார்க்கவே வந்தார்கள் என்று கொண்டால் பிழையிராது. அவ்வகையில் ஆக்ரா விவாதம் மானத்தின் வரலாற்றுக்கும் உரிய ஒரு நிகழ்ச்சி. கிறித்தவச் செய்தி இசுலாமியச் சமூகங்களுக்குள் கொண்டுசெல்லப்பட்ட கதையை அந்தக் கோணத்திலிருந்து மீண்டும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

'மான – அவமானப் பண்பாடு' என்ற தொடர் இன்று மிஷன் வட்டாரங்களில் பெருவழக்காகிவிட்டது. மேற்கத்தியர் குற்றவுணர்வால் ஆளப்படுகின்றனர், கீழைத்தேயத்தார் அவமான உணர்வால் ஆளப்படுகின்றனர் என்னும் பாகுபாடு அதன் அடிப்படை. ரூத் பெனடிக்ட் 1946இல் ஜப்பானியரைப் பற்றி எழுதிய நூலால் இப்பாகுபாடு பரவலாக அறிமுகமாயிற்று. பிறகு 1965இல் பெரிஸ்தியானி தொகுத்த நூல் மத்தியதரைக் கடல் சமூகங்களில் மானம் என்ற விழுமியம் செயல்படும் விதத்தை ஆராய்ந்தது. அத்தொகுப்பில் அல்ஜீரியாவின் கபைல் மக்களைப் பற்றிப் பியர் பூர்தியூ எழுதிய கட்டுரை நமக்கு இங்கே மிகவும் பயன்படக்கூடியது.

பூர்தியூ காட்டும் விதி எளிமையானது. ஒருவனுக்குச் சவால் விடுவது அவனை மதிப்பதாகும். மறுமொழி சொல்லத் தகுதியுள்ளவன் என்று அவனை ஏற்பதாகும். சவாலுக்கு மறுமொழி தராதவன் மானமிழக்கிறான். தனக்கு ஈடில்லாதவனிடம் சவாலுக்கு நிற்பவனும் மானமிழக்கிறான். இந்த ஆட்டத்திற்குச் சாட்சிகள் வேண்டும். அவையில்லாமல் மானமில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெருமுயற்சி தேவையில்லை. அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் மானத்திற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த நூல் நம்முடையது. சொற்களின் ஒற்றுமை இன்னும் வியப்பூட்டுவது. ஒருவனுடைய முகத்தைக் கறுக்கச் செய்தான் என்று அரபியில் சொன்னால், நாம் முகத்தில் கரி பூசினான் என்போம். மூக்கு அறுபட்டது என்று உருது பேசுவோர் சொல்வது அப்படியே நம் மூக்கறுபடுதல்தான். மதிப்பைக் குறிக்கும் 'ஆப்ரூ' என்ற பாரசீகச் சொல்லுக்கு நேர்ப்பொருள் முகத்தின் நீர். ஆகவே மானம் ஏதோ ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய விசித்திர குணம் என்று நினைப்பது தவறு. ஐரோப்பியரும் விதிவிலக்கல்லர். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், கடவுள் ஏன் மனிதரானார் என்று விளக்கப் புகுந்தபோது, மனிதனின் பாவத்தைக் கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்காகவே கண்டார். நிலப்பிரபுவின் மானத்தை அறிந்திருந்த ஒரு காலத்தின் இறையியல் அது. நீதிமன்றமும் தீர்ப்பும் தண்டனையுமாகப் பேசும் மொழி ஐரோப்பாவில் பிற்காலத்தில் மேலோங்கியது. அந்த மொழியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷனரிகள் தங்களுடன் எடுத்துவந்தனர்.

3

ஃபாண்டர் சாதாரண மனிதரல்லர். 1803இல் வூர்ட்டம்பர்க்கில் பிறந்து, பாசல் மிஷனில் பயின்று, காக்கேசியப் பகுதியின் ஷூஷாவில் பத்தாண்டுக் காலம் உழைத்துப் பாரசீகத்திலும் துருக்கியிலும் தேர்ச்சி பெற்றவர். அங்கிருந்தபோது எழுதிய 'மீஸானுல் ஹக்' (சத்தியத்தின் துலாக்கோல்) அவருக்குப் புகழ் தந்தது. ருஷ்ய அரசு மிஷன் பணிக்குத் தடைவிதிக்கவே அவர் இந்தியாவுக்கு வந்தார். ஆக்ராவில் இருந்துகொண்டு தம் நூலின் பிரதிகளை உலமாக்களுக்கு அனுப்பினார். மறுமொழி எழுதுமாறு கடிதங்கள் எழுதினார். மானத்தின் விதிப்படி இதுவே முதற்சவால்.

அச்சவாலை விடுத்தவரின் பின்னால் ஓர் அரசாங்கம் நின்றது என்பதை மறக்கலாகாது. 1837–38 பஞ்சத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆக்ராவுக்கு அருகே சிக்கந்தராவில் மிஷன் அனாதை இல்லத்தில் வளர்க்கப்பட்டனர். 1850ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம், மதம் மாறியவர் குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை இழக்கமாட்டார் என்று அறிவித்தது. தனிமனித உரிமை என்று ஆட்சியாளர் கருதிய அதே சட்டம், குடும்பத் தலைவரின் பார்வையில் வீட்டு மானத்தின் மீது கைவைப்பதாக இருந்தது. இச்சூழலில் ரஹ்மத்துல்லாஹ் ஃபாண்டருக்குக் கடிதம் எழுதிப் பகிரங்க விவாதத்திற்கு அழைத்தார். நூலுக்கு நூலால் பதில் தருவதை விட்டு, அவையைக் கூட்டியதே அவருடைய நுட்பம். ஆள்வோரின் சமயகுருவோடு சரிக்குச் சரியாக ஒரே அறையில் அமர்ந்தபோதே பாதி வெற்றி கிட்டிவிட்டது எனலாம்.

மீதி வெற்றியை வசீர் கான் தேடித் தந்தார். கல்கத்தாவில் மேனாட்டு மருத்துவம் பயின்று இங்கிலாந்துக்கும் சென்றுவந்த அவர், விவிலியத்தைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களே எழுதிய ஆய்வு நூல்களைச் சேகரித்து வைத்திருந்தார். மரபான இசுலாமியக் கண்டனங்களை எதிர்கொள்ளத் தயாராக வந்திருந்த ஃபாண்டரின் முன்னால், அவருடைய சொந்த நாட்டு அறிஞர்களின் ஐயங்கள் எடுத்து வைக்கப்பட்டன. விவிலியப் பிரதிகளில் படியெடுத்தோரின் பிழைகள் உள்ளன, ஆனால் அடிப்படைக் கோட்பாடுகள் அவற்றால் பாதிக்கப்படவில்லை என்று ஃபாண்டர் நேர்மையாகவே சொன்னார். அறிவுலகில் இது நியாயமான விடை. அவையிலோ அது ஒப்புதல் வாக்குமூலம். வேதம் திரிந்தது என்று பாதிரியாரே ஒத்துக்கொண்டார் என்ற செய்தி நகரெங்கும் பரவியது.

இரு தரப்பாரும் தத்தம் வெற்றியை அச்சிட்டு வெளியிட்டனர். அடுத்த ஆண்டே ஃபாண்டர் பெஷாவருக்கு மாற்றலானார். 1857 எழுச்சியில் பங்கேற்ற ரஹ்மத்துல்லாஹ் மக்காவுக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. அவரது சொத்துகள் பறிமுதலாயின. துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸின் விருப்பத்திற்கிணங்க அவர் அரபியில் எழுதிய 'இஸ்ஹாருல் ஹக்' பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இன்றளவும் வாசிக்கப்படுகிறது. மக்காவில் அவர் நிறுவிய சௌலத்தியா மதரஸாவும் புகழ்பெற்றது. ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்த இரண்டு நாள் விவாதம் அத்தனை தூரம் பரவியது.

4

ஆக்ராவுக்கு நாற்பதாண்டுகளுக்கு முந்தைய இரு காட்சிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1811ஆம் ஆண்டு ஹென்றி மார்ட்டின் என்ற இளம் ஆங்கிலேயர், புதிய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் செப்பமுறப் பெயர்க்கும் நோக்கத்துடன் ஷிராஸ் நகரத்தை அடைந்தார். ஜாஃபர் அலி கான் என்பவர் தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். அவருடைய மைத்துனர் மிர்சா சையித் அலி மொழிபெயர்ப்பில் கூட்டாளியானார். மார்ட்டினும் அங்கே முஜ்தஹிதுகளோடு விவாதித்தவரே, மறுப்புரைகள் எழுதியவரே. ஆனால் அவரது நாட்குறிப்பில் நம்மை நிறுத்திவைப்பது வேறொரு நிகழ்ச்சி. ஒருநாள் மிர்சா ஒரு கதை சொன்னார். பாரசீக இளவரசர் அப்பாஸ் மிர்சா போரில் ருஷ்யக் கிறித்தவர்களை வெட்டிச் சாய்த்ததைக் கண்டு, நான்காம் வானத்திலிருந்த ஈசா நபி, முகம்மது நபியின் மேலங்கியைப் பற்றிக்கொண்டு போதும் என்று மன்றாடினாராம். அதைக் கேட்ட மார்ட்டின் துடித்துப்போனார். அவர் முகம் மாறியதைக் கண்டு, என்ன அப்படிப் புண்பட்டுவிட்டது என்று மிர்சா வினவினார். தம் ஆண்டவர் இவ்வாறு இழிவுபடுத்தப்படுவதைக் கேட்டுக்கொண்டு தம்மால் உயிர்வாழ இயலாது என்பதே மார்ட்டினின் விடையின் சாரம்.

இங்கே வாதம் இல்லை, ஆதாரம் இல்லை. ஒருவன் தான் நேசிப்பவரின் மானம் கெடும்போது படும் வேதனை மட்டுமே இருக்கிறது. அந்த வீட்டிலிருந்தோர்க்கு முழுமையாகப் புரியக்கூடிய மொழி அது. தங்கள் நபியின் பெயருக்கு இழுக்கு நேர்ந்தால் அவர்களும் இப்படித்தான் துடித்திருப்பார்கள். விருந்தாளி ஒருவனின் வேதனையை விருந்தளிப்பவர் கவனித்துக் கேட்டார் என்பதே இந்நிகழ்ச்சியின் பெறுமதி. 1812 பிப்ரவரியில் மொழிபெயர்ப்பு முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஊர் திரும்பும் வழியில், துருக்கியின் தோக்காத் நகரில் மார்ட்டின் இறந்தார். வயது 31.

மற்றொரு காட்சி ஆக்ராவிலேயே நிகழ்ந்தது. மார்ட்டின் கான்பூரில் ஞாயிறுதோறும் பிச்சைக்காரர்களுக்குச் செய்த போதனையைக் கேட்டு மனம் மாறியவர் தில்லியைச் சேர்ந்த ஷேக் சாலிஹ். 1811இல் கல்கத்தாவில் திருமுழுக்குப் பெற்று அப்துல் மஸீஹ் என்று பெயர் கொண்டார். 1813 முதல் ஆக்ராவில் உபதேசியாகப் பணியாற்றிய அவர், யுனானி வைத்தியம் பார்த்தும் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தும் வந்தார். 1825இல் பேராயர் ஹீபரின் கையால் குருப்பட்டம் பெற்று, 1827இல் மறைந்தார். ஃபாண்டருக்கு ஒரு தலைமுறை முன்பே அந்நகரத்து முசுலிம்கள் கிறித்தவச் செய்தியைக் கேட்டிருந்தனர். கேட்ட இடம் ஒரு வைத்தியரின் திண்ணை.

5

அவையில் தோற்ற செய்தி அத்துடன் மாண்டுபோயிற்றா என்றால் அதுவும் இல்லை. ஆக்ரா மசூதியில் ஃபாண்டருக்கு எதிராகப் பிரசங்கம் செய்ய நியமிக்கப்பட்ட இளம் மௌலவிகளுள் பானிபத்தைச் சேர்ந்த இமாதுத்தீன் ஒருவர். வெற்றிபெற்ற தரப்பில் இருந்தும் மன அமைதி கிட்டாமல் அவர் காடுகளில் தவமிருந்தார், நோன்பு நோற்றார், ஊரூராக அலைந்தார். நண்பர் சஃப்தர் அலி 1864இல் ஜபல்பூரில் கிறித்தவரானார் என்ற செய்தி அவரைத் திடுக்கிட வைத்தது. நண்பரை வாதிட்டு மீட்பதற்காகவே விவிலியத்தைப் படிக்கத் தொடங்கியவர், 1866இல் அமிர்தசரசில் தாமே திருமுழுக்குப் பெற்றார். பிறகு குருவானார். அவரது கதையின் கசப்பான பகுதி அதன் பின்னர்தான் வருகிறது. அவரும் அவைக்கே திரும்பினார். இசுலாத்தை எதிர்த்து அவர் எழுதிய நூல்களின் கடுமை கிறித்தவர் சிலரையே முகஞ்சுளிக்க வைத்தது. தோற்ற தரப்பின் மானத்தை மீட்கும் பொறுப்பு அவர் தோளில் ஏறிக்கொண்டது போலும்.

மதம் மாறியவரின் மானக்கணக்கு மிஷன் அறிக்கைகளில் ஒரு வரியில் அடங்கிவிடும். வீட்டில் அது அடங்குவதில்லை. மகன் போய்விட்டான் என்பது தந்தைக்கு ஒரு நம்பிக்கை மாற்றம் மட்டுமல்லவே; அவர் தெருவில் நடக்கும் விதமே மாறிவிடுகிறது. தங்கைக்கு மணம் பேச வருவோர் தயங்குகின்றனர். சகோதரர்கள் சந்தையில் பேச்சு வாங்குகின்றனர். பெய்ரூத்தைச் சேர்ந்த காமில் என்ற இளைஞரின் வரலாறு இதற்குச் சான்று. அவர் கிறித்தவராகி, அரேபிய மிஷனைத் தொடங்கிய அமெரிக்கர்களோடு பணியாற்றச் சென்று, 1892 ஜூன் மாதம் பஸ்ராவில் திடீரென்று இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் எழுந்தது, நிரூபிக்கப்படவில்லை. அவருடைய உடலை எடுத்துச் சென்று இசுலாமிய முறைப்படி அடக்கம் செய்துவிட்டனர். உயிரோடிருந்தபோது இழந்த ஒருவனைச் சாவிலேனும் சமூகம் மீட்டுக்கொண்டது. அதை வன்மம் என்று மிஷனரிகள் எழுதினர். வன்மத்தின் பக்கத்திலேயே ஒருவகை உரிமைப் பாசமும் நின்றது என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

6

காமில் பணியாற்றிய அந்த அரேபிய மிஷன் 1889இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேன்டைன், சாமுவேல் ஸ்வெமர் முதலியோரால் தொடங்கப்பட்டது. பின்னர் அதைத் தன் பொறுப்பில் ஏற்ற அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைதான், நம் வேலூர் வட்டாரத்தில் ஸ்கடர் குடும்பத்தாரின் ஆற்காடு மிஷனையும் நடத்தியது. ஆண் மருத்துவர் தங்கள் மனைவியரைத் தொடுவதைவிடச் சாவதே மேல் என்று கணவர்மார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த நிகழ்ச்சியே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது என்பது நாம் அறிந்த கதை. அந்த மூவரில் இந்துக் குடும்பத்தாரும் இருந்தனர், முசுலிம் குடும்பத்தாரும் இருந்தனர். வளைகுடாவிலும் இதே மானவிதியே மருத்துவத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. 1912இல் குவைத்துக்கு வந்த எலினோர் கால்வர்லி பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை நடத்தினார். பஹ்ரைனில் 1903இல் திறக்கப்பட்ட மருத்துவமனையின் வழிவந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

மதம் மாறியோரின் எண்ணிக்கையை வைத்து அளந்தால் அரேபிய மிஷன் பெருந்தோல்வி. பல்லாண்டுப் பணிக்குப் பின்னும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் ஷேக்குகளின் மஜ்லிஸ்களில் அம்மருத்துவர்களுக்கு இருக்கை இருந்தது. காப்பிக் கோப்பை நீட்டப்பட்டது. ஒருவருடைய காப்பியை வாங்கிக் குடிப்பவன் அவருடைய மானத்துக்கு உட்படுகிறான். அப்படி உட்பட்டவன் சொல்வதைக் கேட்பார்கள். ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஆக்ராவில் ஃபாண்டரின் பக்கத்தில் அமர்ந்திருந்த ஃபிரெஞ்சை நினைவுகூர வேண்டும். 1877இல் லாகூரின் முதல் பேராயரான அவர், பத்தாண்டுகளுக்குப் பின் பதவியைத் துறந்தார். 1891 பிப்ரவரியில், அறுபத்தாறாம் வயதில், எந்தச் சங்கத்தின் ஆதரவும் இல்லாமல் மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தெருவோரங்களில் அமர்ந்து, வந்தவர்களுக்கு அரபி விவிலியத்தை வாசித்துக் காட்டினார். சிலர் கேட்டனர், பலர் விரட்டினர். மே 14இல் வெயிலும் காய்ச்சலும் அவரைக் கொண்டுபோயின. கடலோரக் குன்றுகளுக்கிடையே ஒரு சிறு குடாவில் அவர் கல்லறை இருக்கிறது. ஆட்சியின் நிழலில் அவையேறியவர், கடைசியில் எவருடைய நிழலும் இல்லாத ஒரு தெருவில் அமர்ந்தார்.

7

இக்கதைகளுக்கெல்லாம் அடியில் ஓர் இறையியல் முடிச்சு கிடக்கிறது. ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது இசுலாத்தின் நிலைப்பாடு. தன் தூதரை இறைவன் அத்தகைய இழிவுக்குக் கைவிடமாட்டான் என்ற மரியாதை அதில் இருக்கிறது. கிறித்தவமோ, அந்த இழிவின் வழியாகவே மாண்பு வெளிப்பட்டது என்று சொல்கிறது. ஆகவே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இச்செய்தியைச் சொல்வது இயலாத காரியம். வெற்றி முழக்கத்தோடு சிலுவையை அறிவிப்பவர், அறிவிக்கும் விதத்தாலேயே அதை மறுதலிக்கிறார். ஆக்ராவின் உண்மையான சிக்கல் இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

எகிப்திலும் லெபனானிலும் எருசலேமிலுமாக நாற்பதாண்டுக் காலம் வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி (1930–2016), ஊதாரி மகன் உவமையை மத்திய கிழக்குக் கிராமத்தாரின் காதுகளைக் கொண்டு கேட்டார். தந்தை உயிரோடிருக்கும்போதே பாகம் கேட்பது, நீ செத்தால் தேவலை என்று முகத்துக்கெதிரே சொல்வதற்குச் சமம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனை ஊரே கூடி அவமதிக்கும். அதற்குமுன் தந்தை ஓடுகிறார். வயதில் மூத்த, மதிப்புள்ள மனிதர் தெருவில் ஓடமாட்டார். அங்கியைத் தூக்கிக் கால் தெரிய ஓடுவது வெட்கக்கேடு. மகன்மேல் விழவேண்டிய அவமானத்தை அவர் ஓடித் தம்மேல் வாங்கிக்கொள்கிறார். நீதிமன்ற மொழியில் விளங்காத இவ்வுவமை, மானத்தின் மொழியில் ஒரு கிராமத்து நிகழ்ச்சியாகவே விரிகிறது.

பெய்லியின் வாசிப்பை இன்று சிலர் ஓர் உத்தியாக்கிப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கின்றனர். மானம் என்ற சாவியைப் போட்டால் பூட்டு திறந்துகொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. பிறருடைய மானத்தைச் சாவியாகப் பயன்படுத்துவதும் ஒருவகை அவமதிப்புதான். எதிரேயிருப்பவர் அதை உணர வெகுநேரம் ஆகாது. ஷிராஸில் மார்ட்டினும் ஆக்ராவில் அப்துல் மஸீஹும் உத்தி எதையும் கையாளவில்லை. ஒருவர் விருந்தாளியாகத் தம் வேதனையை மறைக்காமல் இருந்தார். மற்றவர் வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்.

ஏற்பதும் மறுப்பதும் கேட்போரின் உரிமை. மறுத்தவர்கள் தோற்றவர்களும் அல்லர். ஏற்றவர்கள் கைப்பற்றப்பட்ட கோட்டைகளும் அல்லர். இரு சமயத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் ஊர்களில் இன்றும் மேடை போட்டுச் சமய விவாதங்கள் நடக்கின்றன, ஒளிப்பதிவாகிப் பரவுகின்றன. யாருக்கு மூக்கறுபட்டது என்று இரு தரப்பும் கொண்டாடுகின்றன. ஆக்ராவில் மீதமிருந்த மூன்று பொருள்களைப் பற்றி அன்று எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டதென்று கூட்டம் கலைந்துபோயிற்று.